வெள்ளை விரிப்பில் மறுபடி உட்கார்ந்தேன்

தும்மல்தான் வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

ஆடித் தள்ளுபடிக்கு முந்தைய வாரம். தி.நகரில் எங்கள் பட்டுப்புடவைக் கடையின் மாடியில், வெள்ளை விரிப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புதிதாக வந்த கட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எதிரே கே.கே. நகரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவும், கல்யாணம் நிச்சயமான அவர் மகளும். கட்டிலிருந்து தூசி கிளம்பி மூக்கில் ஏறியது. தும்மினேன். அடியில் சூடாக ஏதோ இறங்கியது. அடக்குவதற்குள் இன்னொரு தும்மல். இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அவர்கள் புடவை எடுத்து முடிக்கும்வரை நான் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கைக்கு எட்டாத புடவையைக்கூட ஸ்டெல்லாவை எடுத்துத் தரச் சொன்னேன். ஸ்டெல்லா எங்கள் கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து விற்கிறவள். சாந்தோம்காரி. தனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இங்கேதான் வேலை பார்க்கிறாள். நான் இருமினால் எதற்கு இருமுகிறேன் என்று தெரியும் அவளுக்கு.

வாடிக்கையாளர்கள் பணம் கட்டக் கீழே இறங்கினதும் லேசாக எழுந்து பார்த்தேன். விரிப்பில் உள்ளங்கை அளவு ஈரம். சன்னல் கட்டையில் ஸ்டெல்லாவின் டீ இருந்தது. "அந்த டீயை இங்க குடு" என்றேன்.

"விரிப்பு மேலயாக்கா?" என்று கேட்டாள். கேட்கத்தானே செய்வாள். பட்டு இருக்கிற இடத்தில் டீ கிளாஸைப் பார்த்தால் கையை ஒடிப்பேன் என்று கடையில் சட்டம் போட்டு வைத்திருப்பவளே நான்தான். தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். வாங்கினேன். அந்த ஈரத்தின் மேல் சாய்த்தேன்.

"அச்சச்சோ, கொட்டிப்போச்சு" என்றேன். பள்ளிக்கூட நாடகத்தில் நடிக்கிற பிள்ளைகள்கூட அதைவிட நன்றாகச் சொல்லியிருப்பார்கள். ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தாள், கிளாஸைப் பார்த்தாள், விரிப்பை உருவிக்கொண்டு போனாள்.

இதைப் படிக்கிற பெண்களில் சிலருக்கு அந்த உள்ளங்கை அளவு ஈரம் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போங்கள், குற்றமில்லை.

என் பெயர் செல்வக்கனி. திருச்செந்தூர்ப் பக்கம் பிறந்து, வாக்கப்பட்டு சென்னைக்கு வந்தவள். வீடு மந்தைவெளியில். என் கணவரைக் கடைத்தெருவில் எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். கீழே கல்லாவில் அவர். மேலே கல்யாணப் பட்டு என் பொறுப்பு. எங்கள் கடையில் மேசை நாற்காலி கிடையாது. மெத்தை, அதன்மேல் தினம் மாற்றுகிற வெள்ளை விரிப்பு. வாங்க வருகிறவர்களும் அதில்தான் உட்கார வேண்டும். பெண்ணுக்குப் புடவை எடுக்க வந்த குடும்பம் தரையில் சுற்றி உட்கார்ந்தால்தான் பேச்சு வரும். மாப்பிள்ளையின் அத்தைக்கு எந்தக் கலர் ஆகாது என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அங்கே உட்கார்ந்து விற்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். அந்தத் தலைக்கனம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்தக் கசிவு எனக்குப் புதிதில்லை. மகள் பிறந்த பிறகே தொடங்கியது. ஸ்ட்ரெஸ் இன்கான்டினன்ஸ் என்று பெயர் (இருமினால், தும்மினால், சிரித்தால், கனம் தூக்கினால் வயிற்றுக்குள் ஏறும் அழுத்தத்தைத் தாங்காமல் சிறுநீர் கசிவது; கவலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). சில வருடங்களுக்கு முன்னால் ஸ்லிங் ஆபரேஷன் செய்துகொண்டேன் (சிறுநீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் வலைத்துணி போன்ற செயற்கைப் பட்டையைத் தொட்டில் மாதிரி வைத்து முட்டுக் கொடுப்பது). அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். சொட்டுகூடக் கசியவில்லை. தொல்லை ஒழிந்தது என்று மொட்டை போட்டுக்கொள்ளாத குறைதான்.

இப்போது திரும்ப வந்திருக்கிறது.

முதல் தடவை வந்தபோது அது வியாதி. இரண்டாம் தடவை வந்தபோது அது தோல்வி மாதிரி இருந்தது. ஏற்கெனவே காட்டி, அறுத்து, செலவழித்து, எல்லாரும் விசாரித்து முடித்த ஒன்றை மறுபடி எப்படி வாய் திறந்து சொல்வது? சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் தீபாவளி வரை ஓட்டினேன்.

ஓட்டிய விதத்தைக் கேளுங்கள். கருநீலம், கரும்பச்சை, அரக்கு தவிர வேறு கலர் கட்டவில்லை. காலையில் ஒரு வாய்த் தண்ணீர், மதியம் ஒரு வாய். அதனால் சிறுநீரில் தொற்று வந்து எரிந்ததுதான் மிச்சம். மந்தைவெளியிலிருந்து தி.நகர் எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வழியில் எந்த ஹோட்டலில் சாப்பிடாமலே பாத்ரூம் போகவிடுவார்கள் என்று கேளுங்கள், சொல்வேன். மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி சாயங்காலம் நடப்பதை நிறுத்தினேன். கல்யாண வீடுகளில் பந்தி முடிவதற்குள் கிளம்பினேன். சிரிப்பு வருகிற இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் எனக்குத் திமிர் என்று சொன்னதாகக் கேள்வி.

முக்கியமாக, வெள்ளை விரிப்பிலிருந்து இறங்கினேன். கீழே கல்லாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். "அம்மாவுக்கு மூட்டு வலி."

நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது. மீதியை வீடே பார்த்துக்கொண்டது. முட்டிக்குப் போடும் உறை வந்தது. முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வந்தது. திருவான்மியூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஐம்பது தாண்டிய யாரை எடுத்தாலும் கொஞ்சம் தேய்மானம் இருக்கத்தானே செய்யும். "தேய்மானம் இருக்கு" என்று அவர் எழுதிக் கொடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு டாக்டரே சோறு போட்டார்.

தீபாவளி வியாபாரம் முடிந்ததும் ஒருநாள் மர ஆசாரி வந்து மாடியை அளந்துகொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன்.

"மேல கண்ணாடி மேசையும் நாற்காலியும் போட்டிரலாம் கனி. நீ நாற்காலியில உக்காந்தே விக்கலாம்லா. மூட்டு இனி சரியாகி நீ என்னைக்குத் தரையில உக்கார?" என்றார் என் கணவர். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்து ஆச்சரியப்படுத்த நினைத்திருக்கிறார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் விரிப்பை என் பொய்யே சுருட்டிக்கொண்டு போகிறது.

ஸ்டெல்லா என்னைப் படிக்கட்டில் மடக்கினாள். "இன்னாக்கா, டீ மேல பழி போட்ட, இப்ப முட்டி மேல போட்டுக்கினு கீற. அண்ணாச்சியாண்ட சொல்லப் போறியா இல்லையா?"

"ஒனக்கு எப்பட்டீ தெரியும்?"

"விரிப்பை அலசுனது யாரு? டீ வாசனை தனியா தெரியாதா எனக்கு?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எங்க அத்தைக்கும் கீது. சர்ச்சுல முட்டி போட்டா எந்திரிக்க மாட்டாங்க, எல்லாரும் போனப்புறம்தான் எந்திரிப்பாங்க. ரொம்ப பக்தின்னு ஊரே சொல்லும்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என் கணவர் வழக்கம்போல் தைலத்தைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தார். கடை விடுமுறை அன்றைக்கு ஒரு மனுஷனுக்கு உறக்கம் எவ்வளவு பெரிசு. அதை விட்டுவிட்டு நல்லா இருக்கிற முட்டியைத் தேய்க்கிறார். "இன்னைக்குத் தேவலையா?" என்று கேட்டார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"மூட்டுல ஒண்ணுமில்லங்க" என்றேன்.

தைலக் கை அப்படியே நின்றது. "பின்ன?"

சொன்னேன். தும்மலிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப இத்தனை மாசமா நான் தேச்சது?"

"காலுக்கு நல்லதுதானே" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்ததில் கசிந்தது. கசிந்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டே அதையும் சொன்னேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"மொத ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில கூட இருந்தவன் நான்தானட்டி. எங்கிட்டச் சொல்லுததுக்கு என்ன?"

"திரும்ப வந்திருச்சின்னு சொல்ல அசிங்கமா இருந்துச்சு."

"காய்ச்சல் திரும்ப வந்தா அசிங்கமா?" என்றார். இவ்வளவு எளிதாக ஒருவர் சொல்லிவிடக்கூடிய விஷயத்தை நான் ஆடியிலிருந்து சுமந்திருக்கிறேன். ஆனால் என் கணவர் வியாபாரியும்கூட. துண்டை வாங்கிக்கொண்டே சொன்னார்: "ஆசாரிகிட்ட அடுத்த ஆவணின்னு சொல்லுதேன். ஆவணி முகூர்த்தத்துக்கு நீ மேல உக்காந்தா விரிப்பு. முடியலேன்னா மேசை. கடை நடக்கணும்லா."

நியாயம்தான். சரி என்றேன்.

அடையாறில் இதற்கென்றே படித்த ஒரு பெண் டாக்டரைப் பிடித்தோம். டாக்டர் நளினி. என் வயதுதான் இருக்கும். நான் வெட்கப்பட்டுக்கொண்டு "கீழ கொஞ்சம் பிரச்சினை" என்று தொடங்கினேன். "இருமும்போது கசியுதா, அவசரமா வந்து அடக்க முடியாம கசியுதா, இல்ல ரெண்டுமா?" என்று அரிசி புழுங்கலா பச்சையா என்பதுபோல் கேட்டார். எனக்கு அப்போதே பாதி குணமானது.

அந்தக் கேள்வி முக்கியம் என்று பிறகு புரிந்தது. அவசரமாக வந்து கசிவது வேறு வியாதி. அதற்கு மாத்திரை இருக்கிறது, ஆபரேஷன் பதில் இல்லை. எனக்கு முழுக்க இருமல் தும்மல் கசிவுதான். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது நிற்கவைத்து இருமச் சொன்னார்கள். இருமினேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. "சரிம்மா, பார்த்தாச்சு" என்றார்கள். நான் மாதக்கணக்காக ஒளித்ததை ஒரு இருமலில் பார்த்து முடித்துவிட்டார்கள்.

பிறகு சிஸ்டோஸ்கோபி (சிறுநீர்ப்பைக்குள் சின்ன கேமரா விட்டுப் பார்ப்பது). பழைய பட்டை உள்ளே எங்காவது அறுத்துக்கொண்டு வந்திருக்கிறதா என்று பார்க்க. இல்லை. அடுத்து யூரோடைனமிக் பரிசோதனை (மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையைத் தண்ணீரால் நிரப்பி, உள்ளே அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது, எந்த அழுத்தத்தில் கசிகிறது என்று அளப்பது). வலி பெரிதாக இல்லை, கூச்சம்தான் வலித்தது. மறுபடி ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் இந்தப் பரிசோதனை உண்டா என்று கேளுங்கள். முதல் தடவை ஏன் தோற்றது என்று தெரியாமல் இரண்டாம் தடவை கத்தி வைக்கக்கூடாது.

"பழைய பட்டை அதோட இடத்துலதான் இருக்கு. ஆனா குழாய் தானா மூடிக்கிற பலம் குறைஞ்சுபோச்சு" என்றார் டாக்டர். "கனம் எதுவும் தூக்குவீங்களா?"

"இல்லவே இல்ல டாக்டர். மொத ஆபரேஷன்ல சொன்னாங்க. அன்னைலேர்ந்து வீட்டுல தண்ணிக் குடம்கூடத் தூக்குனதில்ல."

"கடையில என்ன வேலை?"

"உக்காந்த வேலைதான். புடவை எடுத்து விரிப்பேன், மடிப்பேன், அடுக்கைத் தூக்கி அந்தண்ட வைப்பேன்."

"ஒரு அடுக்குல எத்தனை புடவை?"

"கை கொள்ற அளவு. துணிதானே டாக்டர், அதுல என்ன கனம்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் என்னைப் பார்த்தார். அவரும் துணிக்காரர்தான், அவருக்கும் அதுவரை தோன்றவில்லை. அன்று கடைக்குப் போனதும் நான் வழக்கமாகத் தூக்கும் பட்டு அடுக்கு ஒன்றை எடுத்து, பார்சல் நிறுக்கும் தராசில் வைத்தார். முள் ஓடி நின்ற இடத்தை இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். மூன்று வயதுப் பிள்ளையின் கனம். முதல் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் வாரமே நான் தை முகூர்த்தத்துக்கு மாடி ஏறியவள். நாள் முழுக்க அந்தப் பிள்ளையை மடியிலிருந்து எடுத்து எடுத்து வைத்திருக்கிறேன். அரிசி கனம், குடம் கனம், சிலிண்டர் கனம். துணியைக் கனம் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

அதனால்தான் திரும்ப வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. பிரசவம், வயது, மாதவிடாய் நின்றது எல்லாம் சேர்ந்துதான் என்றார். "உங்களைத் திட்டிக்காதீங்க. ஆனா இனிமே புடவையும் கனம்தான்."

உடனே ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பார் என்று நினைத்தேன். முதலில் பிசியோதெரபிக்கு அனுப்பினார். பெல்விக் ஃப்ளோர் பயிற்சி (சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகளை இறுக்கிப் பிடித்துத் தளர்த்துவது). இது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இத்தனை காலம் தவறான தசையை இறுக்கியிருக்கிறேன் என்று அங்கேதான் தெரிந்தது. பங்குனி வரை ஒழுங்காகச் செய்தேன். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. வெள்ளை விரிப்புக்கு அது போதாது.

பிறகுதான் ஆபரேஷன் பேச்சு. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். குழாயின் சுவரில் ஜெல் ஊசி போட்டுப் பருக்கவைக்கலாம். கத்தி இல்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம், ஆனால் காலப்போக்கில் கரைந்து திரும்பத் திரும்பப் போடவேண்டி வரலாம். இன்னொரு செயற்கைப் பட்டை வைக்கலாம். சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தையல் போட்டுத் தூக்கி, இடுப்பெலும்புக்குப் பின்னால் கட்டலாம். இல்லையென்றால் என் அடிவயிற்றிலிருந்தே, தசையை மூடியிருக்கும் வெள்ளை உறையில் ஒரு கீற்றை வெட்டியெடுத்து அதையே பட்டையாக வைக்கலாம். எல்லாம் தோற்றால் செயற்கை அடைப்பான் ஒன்று உண்டு, அதுவரை போகவேண்டாம் என்றார். ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான் என்றும் சொன்னார்.

"உங்களுக்கு மூடுற பலம் குறைவா இருக்கறதால சொந்தத் தசை உறை நல்லாப் பிடிக்கும்னு நான் நினைக்கிறேன். ஆனா பெரிய ஆபரேஷன். வயித்துல வெட்டு இருக்கும், ஆற நாளாகும். இறுக்கமாப் பிடிக்கறதால சிறுநீர் கழிக்கறதே கொஞ்சநாள் கஷ்டமாகலாம், சிலருக்கு ரொம்ப நாள் ஆகலாம். ரெண்டாவது தடவைங்கறதால மொதல் தடவை அளவுக்கு உறுதி சொல்லமாட்டேன்" என்றார்.

என் கணவர் ஊசியே போட்டுக்கொள்ளலாமே என்றார். பயம் அவருக்கு. நான் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டுப்புடவையில் கிழிசல் விழுந்தால் நாங்கள் டார்னிங் போடுவோம். வெளி நூல் வாங்கிப் போட்டால் எவ்வளவு நல்ல நூலானாலும் ஒருநாள் தனியாகத் தெரியும். அதே புடவையில், இடுப்பில் உள்ளே போகிற முனையிலிருந்து நூலை உருவி, அதை வைத்துத்தான் கிழிசலை அடைப்போம். எத்தனை கல்யாணப் புடவையை அப்படிக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன். எல்லாருக்கும் இதுதான் சரி என்று நான் சொல்லவரவில்லை. உங்கள் பரிசோதனை வேறு சொல்லலாம். எனக்கு டாக்டரின் காரணமும் என் தொழிலும் ஒரே பக்கம் நின்றன.

"உள்முனையிலிருந்து எடுத்துப் போடுங்க டாக்டர்" என்றேன். என் கணவருக்கு மட்டும் புரிந்தது.

சித்திரையில் ஆபரேஷன். மயக்கம் தெளிந்தபோது அடிவயிற்றில் வார் போட்டுக் கட்டிய மாதிரி ஒரு இறுக்கம், பக்கத்தில் கத்தீட்டர் பை (சிறுநீரைக் குழாய் வழியாகச் சேர்க்கும் பை). வலி இருந்தது, பொறுக்க முடியாத வலி இல்லை. இருமல் வந்தபோது தையலின் மேல் தலையணையை அமுக்கிக்கொண்டு இரும நர்ஸ் சொல்லிக்கொடுத்தார்.

கஷ்டம் கத்தீட்டரை எடுத்த பிறகு வந்தது. எனக்குச் சிறுநீர் வரவில்லை. கழிப்பறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் ஓடியது, என்னிடமிருந்து ஒன்றுமில்லை. ஆடியிலிருந்து நில் நில் என்று கெஞ்சினேன். இப்போது வா வா என்று கெஞ்சுகிறேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுபடி குழாய் போட்டார்கள். ஆவணியில் மாடிக்கு வரப்போகிற அந்தக் கண்ணாடி மேசையில் என் முகம் தெரிவதுபோல் இருந்தது.

டாக்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "இது நான் முன்னாடியே சொன்னதுதான். வீக்கம் வடியணும். அதுவரைக்கும் நீங்களே மெல்லிசுக் குழாய் விட்டு வடிச்சுக்கலாம், கத்துக்கோங்க."

"நானேவா?"

"பட்டுல ஒரு இழை அறுந்தா கண்டுபிடிக்கிற கை உங்க கை."

கற்றுக்கொண்டேன். கண்ணாடி வைத்துப் பார்த்து, கை கழுவி, மெதுவாக. முதல்முறை சரியாகப் போனபோது எனக்குப் பரீட்சையில் பாஸானது மாதிரி இருந்தது. இதைக் கேட்டுப் பயந்து ஆபரேஷனே வேண்டாம் என்று ஓடிவிடாதீர்கள். எல்லாருக்கும் இது வருவதில்லை. வந்தாலும் பழகலாம். என் உடம்பில் நான் கண்ணால் பார்த்தேயிராத ஒரு இடத்தை இந்த வயதில் பார்த்து, தெரிந்துகொண்டேன். அதுவரை அது எனக்கு எதிரி வீடு மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், ஒரு காலை நேரம், குழாயை எடுத்துவைத்துவிட்டு உட்கார்ந்தேன். தானாக வந்தது. மெதுவாக, முறித்து முறித்து, ஆனால் என்னுடையது. வெளியே வந்து என் கணவரிடம் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை மடித்து வைத்தார். "முருகா" என்றார். வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்ததாம். வெளியூரிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டு, "அம்மா ஒண்ணுக்குப் போயிட்டா" என்று சொன்னார். பேரன் பிறந்த சேதி மாதிரி சொன்னார்.

ஆடி வரை கனம் தூக்கக்கூடாது என்று உத்தரவு. கடைக்குப் போனாலும் நாற்காலிதான். மாடியில் என் இடத்தில் யார் என்று பார்க்கப் போனால், என் கணவர் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷமாகக் கல்லாவை விட்டு எழாத மனுஷன் விரிப்பில் சம்மணம் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது.

"அண்ணாச்சி மடிச்சதை நான் திருப்பி மடிச்சிக்கினு கீறேன்க்கா. சீக்கிரம் வா" என்றாள் ஸ்டெல்லா. அவர் ஒரு அடுக்கைத் தூக்கியபோது என்னைப் பார்த்து, "துணிதானே, என்ன கனம்" என்றார். தையல் இழுக்கும்வரை சிரித்தேன். தையல்தான் இழுத்தது. கீழே ஒன்றும் கசியவில்லை. அது நினைவுக்கு வர எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிரிப்பை நிறுத்திவிட்டு நின்றேன். பிறகு, நிறுத்த அவசியமில்லை என்று மீண்டும் சிரித்தேன்.

ஆவணி பிறந்தது. டாக்டர் மறுபடி நிற்கவைத்து இருமச் சொன்னார். இருமினேன். இன்னும் பலமாக என்றார். இருமினேன். குதிக்கச் சொன்னார். ஐம்பத்து மூன்று வயதில் அடையாறு கிளினிக்கில் நின்று குதித்தேன். காலடியில் விரித்திருந்த காகிதத் துணி காய்ந்தே இருந்தது. "போய் வியாபாரத்தைப் பாருங்க. அடுக்கை மட்டும் வேற யாராவது தூக்கட்டும்" என்றார்.

முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய சனிக்கிழமை, பீரோவைத் திறந்து சந்தன நிறப் பட்டுப்புடவையை எடுத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் ஊருக்குச் சொல்லிவிடுகிற நிறம். கட்டிக்கொண்டு, வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, மாடி ஏறினேன். புது விரிப்பு போட்டு வைத்திருந்தாள் ஸ்டெல்லா. உட்கார்ந்தேன்.

திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு கல்யாண வீடு வந்தது. பெண், அம்மா, சித்தி, மாப்பிள்ளையின் அக்கா, பிள்ளைகள் என்று விரிப்பு முழுக்க ஆட்கள். அடுக்குகளைக் கடைப் பிள்ளைகள் தூக்கிவந்து வைக்க, நான் ஒவ்வொன்றாக விரித்தேன். பெண்ணுக்குப் பிடித்தது மாப்பிள்ளையின் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அந்த அக்கா எடுத்துக் காட்டியது ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. சித்தி ஒரு வார்த்தை சொன்னார், சபையே சிரித்தது, நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். கட்டுப் பிரிந்து தூசி கிளம்பியது. தும்மினேன். விரல் அடுத்த முந்தானையைத் தேடிக்கொண்டிருந்தது. பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அரக்கில் மாம்பழ பார்டர் போட்டது முடிவானது. விளக்கேற்றும் நேரமாகியிருந்தது. காலையிலிருந்து கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. முன்பெல்லாம் என் நாள் பாத்ரூமிலிருந்து பாத்ரூம் வரை துண்டு துண்டாக இருக்கும். அன்றைக்கு அது முழுத் தறி நீளத்துக்கு ஒரே வீச்சாகப் போயிருந்தது. மூட்டு மட்டும் மரத்துப்போயிருந்தது, நிஜமாகவே.

கையை ஊன்றி எழுந்து, பெண்ணின் அம்மாவைக் கல்லாவுக்குக் கூட்டிக்கொண்டு படிக்கட்டு வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து ஸ்டெல்லாவின் குரல் கேட்டது.

"அக்கா."

"என்னட்டி?"

"நீ எந்திரிச்சியே, திரும்பிப் பாக்கவேயில்ல."

அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எழுந்தால் உட்கார்ந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது எத்தனை வருஷப் பழக்கம். பஸ்ஸில், கோவிலில், சொந்த வீட்டுச் சோபாவில். அதை மறந்துபோயிருக்கிறேன்.

"எதுக்குப் பாக்கணும்?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கினேன். கீழே கல்லாவில் என் கணவர் போனில் இருந்தார். ஆசாரியிடம் மேசை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.